ஆயிரம் சட்டைகள்

(கால்நடை மருத்துவ மாணவர்களுக்காக நிறுவப்பட்ட அறக்கட்டளையின் ஆண்டுச் சொற்பொழிவு, எழுத்து வடிவம்)



யாருடைய பெயரால் இங்கே கூடியிருக்கிறோமோ அவர் ஊர் ஊராகச் சைக்கிளில் போய் மாடு பார்த்த மருத்துவர். பின் கேரியரில் மருந்துப் பெட்டியும், முன் கூடையில் துணியில் சுற்றிய நுண்ணோக்கியும் வைத்துக்கொண்டு போவார் என்று அவர் மகனார் சற்று முன் சொன்னார். அதைக் கேட்டதும், நான் தயாரித்து வந்த தொடக்கத்தை விட்டுவிட்டு ஒரு மாட்டின் கதையிலிருந்தே தொடங்கலாம் என்று தோன்றியது.

1. ஒரு சொட்டு இரத்தம்

நான் பயிற்சி மாணவனாக இருந்தபோது காவிரிப் படுகையில் ஒரு சிற்றூரிலிருந்து வயதான ஓர் அம்மா தன் கறவை மாட்டை நடத்திக்கொண்டு வந்தார். மாடு இளைத்திருந்தது. கண்ணில் நீர் வடிந்தது. பால் பாதியாகிவிட்டது என்றார். "காய்ச்சல் வந்து வந்து போகுது தம்பி. நாலு நாள் நல்லா மேயுது. அப்புறம் மறுபடியும் படுத்துக்குது" என்றார். காது நரம்பில் ஊசியால் குத்தி ஒரு சொட்டு இரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் எடுத்தேன். மேலே மெல்லிய கண்ணாடியை மூடி, நுண்ணோக்கியில் வைத்து, கால் மணி நேரம் பார்த்தேன். எதுவும் அசையவில்லை. "இரத்தத்தில் கிருமி இல்லை" என்று எழுதிக் கொடுத்தேன்.

ஒன்பதாம் நாள் அவர் மறுபடி வந்தார். மாடு வண்டியில் வந்தது. அதே காது, அதே ஊசி, அதே கண்ணாடி. இம்முறை ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. முதலில் கண்ணில் படுவது கிருமியல்ல. சிவப்பணுக்கள் ஓரிடத்தில் மட்டும் தள்ளாடுவதுதான். கூட்டத்தில் யாரோ முண்டியடித்துப் போகும்போது வழியிலிருப்பவர்கள் அசைவார்களே, அப்படி. அந்த இடத்திலேயே கண்ணை நிறுத்தினால், வயல் வாய்க்காலில் அயிரை மீன் துள்ளுவதுபோல ஒளி ஊடுருவும் ஓர் உயிர் நெளிந்து நெளிந்து போவது தெரியும். அது டிரிப்பனோசோமா இவான்சி. மாடு, எருமை, குதிரை, ஒட்டகம், நாய் எல்லாவற்றையும் தாக்கும் சர்ரா நோயின் காரணி. 1880இல் அன்றைய பஞ்சாபின் தேரா இஸ்மாயில் கானில் நோயுற்ற குதிரைகளின், ஒட்டகங்களின் இரத்தத்தில் கிரிஃபித் இவான்ஸ் என்ற இராணுவக் கால்நடை மருத்துவர் கண்டுபிடித்தது. கடிக்கும் ஈக்கள் தம் வாயில் ஒட்டிய இரத்தத்தோடு இதை ஒரு விலங்கிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகின்றன.

மருந்து போட்டோம். மாடு பிழைக்கவில்லை. அந்த அம்மா என்னைக் குறை சொல்லவில்லை. "அன்னைக்கு இல்லேன்னீங்களே தம்பி" என்று மட்டும் கேட்டார். அன்றைக்கு நான் பார்த்தது உண்மை; எழுதிக் கொடுத்தது பொய். இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் இருக்க முடியும் என்ற கேள்விதான் என்னை இந்தத் துறைக்குள் இழுத்து வந்தது. அதற்கான விடையைத்தான் இன்று உங்கள் முன் வைக்க வந்திருக்கிறேன்.

2. ஏறி இறங்கும் கணக்கு

இதே கேள்வியை எண்ணிக்கையால் முதலில் பிடித்தவர், நம் பகுதிக்கும் தொடர்புள்ளவர். மலேரியா ஒட்டுண்ணியைக் கொசுவின் வயிற்றில் 1897 ஆகஸ்ட் 20 அன்று செகந்திராபாத்தில் கண்ட ரொனால்டு ராஸ். அந்த ஆண்டின் தொடக்கத்தில் விடுப்பில் உதகைக்கு வந்தவர், நீலகிரியின் சீகூர் மலைப்பாதைப் பக்கம் போய் மலேரியாவைத் தாமே வாங்கிக்கொண்டார். 1902இல் நோபல் பரிசு பெற்று லிவர்பூலில் இருந்தபோது, ஆப்பிரிக்காவின் ரொடீசியாவில் தூக்க நோய் தொற்றிய ஒருவர் அங்கே சிகிச்சைக்கு வந்தார்.

தூக்க நோய் நம் சர்ராவின் மிக நெருங்கிய உறவு. காரணி டிரிப்பனோசோமா புருசி. பரப்புவது செட்சி ஈ. முதலில் காய்ச்சலாகத் தொடங்கும். பிறகு கிருமி மூளைக்குள் புகும். நோயாளி பகலில் உறங்குவார், இரவில் விழித்திருப்பார், மனம் குழம்பும், கடைசியில் எழுப்ப முடியாத நிலைக்குப் போவார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விக்டோரியா ஏரிக் கரையில், உகாண்டாவின் புசோகா பகுதியில், இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களைப் பலிகொண்ட நோய் இது.

ராஸும் அவருடன் பணியாற்றிய டேவிட் தாம்சனும் அந்த நோயாளியின் இரத்தத்தில் இருந்த கிருமிகளை நாள் தவறாமல் எண்ணினார்கள். 1910இல் அந்தக் கணக்கை வரைபடமாக வெளியிட்டார்கள். கோடு ஏறும், உச்சியைத் தொடும், சரிந்து ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் போகும், ஏறத்தாழ ஒரு வாரத்தில் மறுபடி ஏறும். அந்தக் கோடு இறங்கும் ஒவ்வொரு முறையும் நோயாளியின் உடல் கிருமிகளை வென்றிருக்கிறது. ஏறும் ஒவ்வொரு முறையும் தோற்றிருக்கிறது. அடுத்தடுத்து வென்றுகொண்டே மொத்தத்தில் தோற்கும் போர் அது. நான் மாட்டைப் பரிசோதித்த முதல் நாள், கோடு பள்ளத்தில் இருந்த நாள்.

உடல் ஏன் தோற்கிறது? நம் இரத்தத்தில் உள்ள எதிர்ப்பொருள்கள் கிருமியின் மேற்பரப்பைத் தடவிப் பார்த்து அடையாளம் காண்பவை. இன்ன வடிவம் என்று ஒருமுறை பழகிவிட்டால், அந்த வடிவத்தில் எது வந்தாலும் பற்றிக்கொள்ளும். அம்மை ஒருமுறை வந்தவருக்கு மறுபடி வராததற்கும் தடுப்பூசி வேலை செய்வதற்கும் காரணம் இந்தப் பழக்கம்தான். பள்ளத்திலிருந்து எழுந்து வந்த கிருமிகளை, முந்தைய அலையைக் கொன்ற எதிர்ப்பொருள் தொடவேயில்லை. ஆள் அதே ஆள், அடையாளம் வேறு. இவ்வளவு தூரம் அன்றே ஊகித்துவிட்டார்கள். எதை மாற்றுகிறது, எப்படி மாற்றுகிறது என்று தெரிய இன்னும் அறுபது ஆண்டுகள் தேவைப்பட்டன.

3. சட்டை

பாம்பு தோல் உரித்தால் சட்டை உரித்தது என்கிறோம். இந்த ஒட்டுண்ணியின் மேல் இருப்பதற்கும் அதைவிடப் பொருத்தமான சொல் எனக்குக் கிடைக்கவில்லை. 1969இல் கீத் விக்கர்மேன் என்ற பிரிட்டிஷ் விலங்கியலாளர் டிரிப்பனோசோமின் குறுக்குவெட்டை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது, செல்லின் சவ்வுக்கு வெளியே அடர்த்தியான ஓர் உறை சீராகப் போர்த்தியிருந்தது. தடிமன் 12 முதல் 15 நானோமீட்டர். இரத்தத்தில் இருக்கும்போது உறை இருக்கிறது. ஈயின் குடலுக்குள் போனதும் அதைக் களைந்துவிடுகிறது. ஈயின் உமிழ்நீர்ச் சுரப்பிக்கு வந்து, அடுத்த மனிதரைக் கடிக்கத் தயாராகும்போது மறுபடி போட்டுக்கொள்கிறது. நம்மிடம் வரும்போது மட்டும் அணிவதென்றால், நம்மிடமிருந்து தப்பத்தானே அது?

1975இல் கேம்பிரிட்ஜில் ஜார்ஜ் கிராஸ் அந்தச் சட்டையைக் கழற்றிப் பார்த்தார். ஒரே ஒரு கிருமியிலிருந்து பெருக்கிய கூட்டங்களைத் தனித்தனியாக வளர்த்து, ஒவ்வொன்றின் உறையையும் பிரித்தெடுத்தார். ஒவ்வொரு கூட்டத்தின் உறையும் ஒரே ஒரு புரதத்தால் ஆனது. ஆனால் கூட்டத்துக்குக் கூட்டம் அந்தப் புரதத்தின் அமினோ அமிலச் சேர்க்கை வேறு வேறு. சர்க்கரை மூலக்கூறுகள் இணைந்த இந்தப் புரதத்துக்கு மாறும் மேற்பரப்புக் கிளைக்கோபுரதம் என்று பெயர். ஒரு கிருமியின் மேல் இது ஏறத்தாழ ஒரு கோடி எண்ணிக்கையில் அடுக்கியிருக்கிறது. நெல் நாற்றை நெருக்கி நட்டதுபோல, அடியில் உள்ள மண் தெரியாத அளவுக்கு நெருக்கம். எதிர்ப்பொருளால் நுனியை மட்டுமே தொட முடியும். அடியிலிருக்கும் பொதுவான பகுதிகளை எட்ட முடியாது.

இதில் எனக்குத் தீராத வியப்பு தருவது ஒன்று உண்டு. இரண்டு சட்டைகளின் அமினோ அமில வரிசையை ஒப்பிட்டால் பெரும்பகுதி ஒத்துப்போகாது. ஆனால் எக்ஸ் கதிர் ஆய்வில் அவற்றின் முப்பரிமாண வடிவம் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கிறது. அளவு ஒன்று, தையல் ஒன்று. துணி மட்டும் வேறு. ஒரு சட்டையைக் கழற்றி இன்னொன்றைப் போடும்போது நடுவில் இடைவெளி விழாமல் இரண்டும் தோளோடு தோள் நிற்பதற்கு இந்த அளவுப் பொருத்தம் துணை செய்கிறது.

அதோடு சட்டையைத் துவைக்கவும் தெரியும் இதற்கு. டிரிப்பனோசோம் ஓயாமல் முன்னோக்கி நீந்துவது. சட்டையின் மேல் சில எதிர்ப்பொருள்கள் ஒட்டிக்கொண்டால், வேகமாகப் போகும் பைக்கில் உட்கார்ந்திருப்பவரின் தோள் துண்டு பின்னால் பறப்பதுபோல, நீரோட்டம் அவற்றைப் பின்பக்கம் தள்ளுகிறது. பின்முனையில், கசையிழை தொடங்கும் இடத்தில் ஒரு பை. அங்கே எதிர்ப்பொருளோடு சேர்த்து உறைப் புரதத்தை விழுங்கி, எதிர்ப்பொருளைச் செரித்துவிட்டு, புரதத்தை மட்டும் மேற்பரப்புக்கு அனுப்பிவிடுகிறது. 2007இல் மார்க்குஸ் எங்ஸ்ட்லர் குழுவினர் ஜெர்மனியிலிருந்து இதைக் காட்டினார்கள். எதிர்ப்பொருள் குறைவாக இருக்கும்வரை இந்தத் துவைப்பே போதும். வெள்ளமாக வந்தால் போதாது. அப்போது சட்டை மாற்றியவர் மட்டும் பிழைப்பார்.

4. பெட்டியும் ஒட்டுத் தையலும்

எத்தனை சட்டை இருக்கும்? 2005இல் டிரிப்பனோசோமா புருசியின் மரபணுத் தொகுப்பை முழுமையாகப் படித்தபோது ஏறத்தாழ 9,000 மரபணுக்கள் தெரிந்தன. அவற்றில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு இந்த உறைப் புரதத்துக்கானவை. அன்று ஆராய்ந்த 806 உறை மரபணுக்களில் பழுதில்லாமல் முழுமையாக இருந்தவை 57 மட்டுமே. மற்றவை நடுவில் அறுந்தவை, துண்டானவை. இவ்வளவு கிழிசலை ஏன் பெட்டியில் வைத்திருக்கிறது?

நம் பாட்டிமார் பழம்புடவையைத் தூக்கி எறிந்ததுண்டா? நான்கு புடவையின் நல்ல பகுதிகளைச் சேர்த்துத் தைத்தால் ஒரு போர்வை. இந்த ஒட்டுண்ணியும் அதைத்தான் செய்கிறது. பல பழுதான மரபணுக்களின் நல்ல துண்டுகளை இணைத்து, இதுவரை யாரும் அணியாத ஒரு புதுச் சட்டையைத் தைத்துக்கொள்கிறது. நோய் நாட்பட நாட்பட இப்படிப்பட்ட ஒட்டுத் தையல் சட்டைகளே கூடுதலாக வெளிவருகின்றன. எனவே பெட்டியில் உள்ள எண்ணிக்கையைக் கொண்டு கணக்குப் போட்டால் தவறும்.

எல்லா மரபணுக்களும் இருந்தாலும் ஒரு நேரத்தில் ஒன்றுதான் பேசும். குரோமோசோம்களின் நுனியில் இதற்கென்றே ஏறத்தாழ பதினைந்து இடங்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று மட்டும் திறந்திருக்கும். உள்ளே இருக்கும் ஒரு மரபணுவின் நகல் அந்தத் திறந்த இடத்துக்கு வந்து, ஏற்கெனவே இருந்ததை அகற்றிவிட்டு அமர்ந்தால் சட்டை மாறும். மரபணு நகலெடுக்கப்பட்டு இடம் பெயர்கிறது என்பதை ஆம்ஸ்டர்டாமில் பீட் போர்ஸ்ட் குழுவினர் 1980 வாக்கில் காட்டியபோது, மரபணு என்றால் வைத்த இடத்தில் இருப்பது என்று பாடம் படித்த என் தலைமுறைக்கு அது பெரிய அதிர்ச்சி.

மாணவர்கள் அடிக்கடி தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் ஒன்று உண்டு. ஒட்டுண்ணி எதிர்ப்பொருளைப் பார்த்துப் பயந்து சட்டையை மாற்றுவதில்லை. அதற்கு எதுவும் தெரியாது. மாற்றம் எந்நேரமும் தற்செயலாக நடந்துகொண்டே இருக்கிறது. சில வகைகளில் ஆயிரம் பிரிவுக்கு ஒன்று, சிலவற்றில் பத்து லட்சத்துக்கு ஒன்று. குறைந்த கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். உடலில் நூறு கோடி கிருமிகள் இருந்தால், ஒவ்வொரு தலைமுறையிலும் ஆயிரம் கிருமிகள் வேறு சட்டையில் இருக்கும். எதிர்ப்பொருள் மற்ற எல்லாவற்றையும் கொல்கிறது. இந்த ஆயிரம் தப்புகிறது. அவற்றின் பிள்ளைகளே அடுத்த அலை. புத்தி இல்லாத ஓர் உயிர் புத்திசாலியைப் போலத் தோன்றுவது இப்படித்தான். தேர்ந்தெடுத்துக் கொடுப்பது நம் எதிர்ப்பாற்றலேதான்.

5. மலேரியாவின் பிடி

சட்டை மாற்றுவது டிரிப்பனோசோமின் தனி உரிமையல்ல. மலேரியா ஒட்டுண்ணிகளில் கொடியதான பிளாஸ்மோடியம் ஃபால்சிபாரமும் இதையே வேறொரு தேவைக்காகச் செய்கிறது.

அது சிவப்பணுவுக்குள் ஒளிந்து வாழ்வது. அப்படி இருக்க, வெளியே முகம் காட்டவே தேவையில்லையே என்று நினைப்போம். ஆனால் ஒட்டுண்ணி ஏறிய சிவப்பணு விறைத்துப் போகும். அது மண்ணீரல் வழியாகப் போனால் அங்கே பிடிபட்டு அழியும். மண்ணீரலுக்குப் போகாமல் இருக்க வேண்டுமானால் வழியில் எங்காவது இரத்தக் குழாயின் சுவரைப் பற்றிக்கொண்டு நிற்க வேண்டும். பற்ற வேண்டுமானால் கை வெளியே நீள வேண்டும். அந்தக் கைதான் சிவப்பணுவின் மேல் சிறு குமிழ்களில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு புரதம். மூளையின் நுண்குழாய்களில் இப்படிப் பற்றிக் குவிந்தால் மூளை மலேரியா.

நீட்டிய கையை எதிர்ப்பொருள் கண்டுகொள்ளும். ஆகவே கையை மாற்ற வேண்டும். இதற்கான மரபணுக் குடும்பம் 1995இல் கண்டுபிடிக்கப்பட்டது. ஓர் ஒட்டுண்ணியிடம் ஏறத்தாழ 60 மரபணுக்கள். ஒரு நேரத்தில் ஒன்று. நூறு ஊர் ஒட்டுண்ணிகளை எடுத்தால் ஒவ்வொன்றின் அறுபதும் வேறு வேறு அறுபதுகள். அதனால்தான் ஆப்பிரிக்கக் குழந்தை ஒன்று ஒருமுறை மலேரியாவிலிருந்து பிழைத்தாலும் மறுமுறை அதே நோயில் விழுகிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணிப்பின்படி 2023இல் மட்டும் மலேரியாவால் இறந்தவர்கள் 5,97,000 பேர். ஆப்பிரிக்கப் பகுதியில் இறந்தவர்களில் நான்கில் மூன்று பங்கு ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள்.

அந்தக் குழந்தை பத்து வயதைத் தாண்டிவிட்டால்? பல சட்டைகளைப் பார்த்துப் பழகிய உடல் அது. ஒட்டுண்ணி இருந்தாலும் நோய் முற்றுவது அரிது. 1961இல் காம்பியாவில் சிட்னி கோஹன், இயன் மெக்ரிகர், எஸ். கேரிங்டன் ஆகியோர் அவ்வூர்ப் பெரியவர்களின் இரத்தத்திலிருந்து எடுத்த எதிர்ப்பொருளை நோயுற்ற குழந்தைகளுக்குச் செலுத்தினார்கள். குழந்தைகளின் இரத்தத்தில் ஒட்டுண்ணிகள் சரசரவென்று குறைந்தன. ஒரு தலைமுறை காய்ச்சலில் கிடந்து சேர்த்த அனுபவம், ஒரு குப்பியில் அடுத்த தலைமுறைக்குப் போனது. எதிர்ப்பாற்றல் வீண் என்று யாராவது சொன்னால் இந்த ஆய்வை நினைத்துக்கொள்ளுங்கள்.

6. மாறாதது எது?

இதுவரை சொன்னதைக் கேட்டால் மனம் சோர்ந்துபோகும். ஆனால் ஐம்பது ஆண்டுகளாக இந்தத் துறை கற்றுக்கொண்டிருக்கும் பாடம் வேறு. எவ்வளவு மாறினாலும் ஓர் உயிர் சாப்பிட வேண்டும், பற்றிக்கொள்ள வேண்டும், பெருக வேண்டும். அந்த வேலைகளைச் செய்யும் இடங்களை அது நினைத்தபடியெல்லாம் மாற்ற முடியாது. மாறுவதன் நடுவே மாற முடியாதது எது என்று தேடுவதுதான் நம் வேலை. நான்கு சான்றுகள் சொல்கிறேன்.

முதலாவது நம் உடம்பிலேயே இருக்கிறது. மாட்டைக் கொல்லும் சர்ரா, அந்த மாட்டைக் கறக்கும் நமக்கு ஏன் வருவதில்லை? நம் இரத்தத்தில் அப்போலிப்போபுரதம் எல்1 என்ற புரதம் இருக்கிறது. ஒட்டுண்ணிக்கு இரும்புச் சத்துள்ள ஹீம் வேண்டும். அதற்காக ஹீமோகுளோபினை உள்ளிழுக்கும் ஒரு வாயைத் திறந்தே வைத்திருக்கிறது. இந்தப் புரதம் அந்த உணவோடு ஒட்டிக்கொண்டு அதே வாய் வழியாக உள்ளே போய்க் கொல்கிறது. சட்டையைப் பார்ப்பதே இல்லை. இது எவ்வளவு பெரிய காவல் என்பது மகாராட்டிரத்தின் சந்திரபூர் மாவட்டத்தில் தெரிந்தது. அங்கே ஒரு விவசாயிக்குச் சர்ராக் கிருமியின் தொற்று வந்தது; அறிக்கை 2005இல் வெளியானது. ஆராய்ந்ததில், அவருக்குப் பிறவியிலேயே இந்தப் புரதம் உருவாகவில்லை. சுராமின் என்ற மருந்தால் குணமானார்.

இரண்டாவது தாய்மார்கள் கற்றுக்கொடுத்தது. மலேரியாவுக்குப் பழகிய பெண்ணும் முதல் கருவுறுதலில் மறுபடி நோயில் விழுவார். நஞ்சுக்கொடியில் காண்ட்ராய்டின் சல்பேட் ஏ என்ற சர்க்கரைப் பொருள் இருக்கிறது. அதைப் பற்றக்கூடிய தனிக் கை ஒன்று ஒட்டுண்ணியிடம் இருக்கிறது. இரண்டாம், மூன்றாம் கருவுறுதலில் பாதிப்பு குறையும், ஏனென்றால் உடல் அந்தக் கையைக் கற்றுக்கொண்டுவிட்டது. எங்கேயும் ஒரே பொருளைப் பற்ற வேண்டியிருப்பதால் அந்தக் கையால் அதிகம் மாற முடியவில்லை. இன்று அதைக் குறிவைத்துத் தடுப்பூசிகள் சோதிக்கப்படுகின்றன.

மூன்றாவது ஜியார்டியா. குழந்தைகளின் குடலில் தங்கி வயிற்றுப்போக்கை உண்டாக்கும் ஒட்டுண்ணி. அதனிடம் ஏறத்தாழ 190 மேற்பரப்புப் புரத மரபணுக்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் காட்டி மற்றவற்றையெல்லாம் அது அடக்கி வைக்கும் வழியை 2008இல் அர்ஜென்டினாவின் கோர்டோபாவில் ஹ்யூகோ லுஹான் குழுவினர் கண்டுபிடித்து, அந்த அடக்குமுறையைச் செயலிழக்கச் செய்தார்கள். பெட்டியிலிருந்த சட்டைகளையெல்லாம் ஒட்டுண்ணி ஒன்றாகப் போட்டுக்கொண்டு நின்றது. அந்த ஒட்டுண்ணியால் தொற்று ஏற்பட்ட ஜெர்பில் எலிகள் பின்னர் வந்த சாதாரண ஒட்டுண்ணியையும் எதிர்த்து நின்றன. ஒன்றை மட்டும் காட்டி மற்றதை மறைப்பதில்தான் அதன் பலம் முழுவதும் இருந்திருக்கிறது.

நான்காவது இன்று ஆப்பிரிக்கக் குழந்தைகளுக்குப் போடப்படும் இரண்டு மலேரியாத் தடுப்பூசிகள். 2021இல் ஒன்றையும் 2023இல் இன்னொன்றையும் உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. இரண்டாவது நம் புனேயில் தயாராகிறது. இரண்டுமே சிவப்பணுவின் மேல் மாறும் கையைத் துரத்தவில்லை. கொசு கடித்த உடனே, ஒட்டுண்ணி கல்லீரலுக்குப் போகும் சிறிது நேரத்தில் அதன் மேலிருக்கும் வேறொரு புரதத்தைக் குறிவைக்கின்றன. அந்தப் பருவத்தில் மாற்றிப் போட்டுக்கொள்ள அதனிடம் பெட்டி இல்லை. இவை முழுப் பாதுகாப்பு தருவதில்லை. தரும் அளவே பல்லாயிரம் தாய்மார்களின் கண்ணீரைத் துடைக்கப் போதுமானது.

7. அட்டையில் தெரிந்த முகம்

தூக்க நோய்க்கு இன்றுவரை தடுப்பூசி இல்லை. ஆனாலும் அந்த நோய் மறைந்துகொண்டு வருகிறது. 1998இல் ஏறத்தாழ 40,000 பேருக்கு நோய் பதிவானது; கண்டுபிடிக்கப்படாதவர்கள் அதைவிடப் பல மடங்கு இருப்பார்கள் என்று கணித்தார்கள். 2018 முதல் ஆண்டுக்கு ஆயிரத்துக்கும் குறைவு. பொதுச் சுகாதாரச் சிக்கல் என்ற நிலையிலிருந்து இந்நோயை நீக்கிவிட்டதாக டோகோ 2020இல் சான்று பெற்றது. சாட் 2024இல் பெற்றது. எப்படி?

மருந்து ஒரு காரணம். முன்பு மூளைக்குப் போன நோய்க்கு மெலார்சோப்ரால் என்ற ஆர்செனிக் மருந்துதான் இருந்தது. நரம்பில் ஏறும்போது நெருப்பாய் எரியும். போட்டவர்களில் நூற்றுக்கு ஐந்து பேரை மருந்தே கொன்றது. இன்று ஃபெக்ஸினிடசோல் என்ற மாத்திரை பத்து நாளில் குணமாக்குகிறது.

ஆனால் மாத்திரை கொடுக்க நோயாளியைக் கண்டுபிடிக்க வேண்டுமே. இரத்தத்தில் கிருமி எப்போது இருக்கும், எப்போது இராது என்று தெரியாத நோய் இது. இங்கேதான் நான் இன்று சொல்ல வந்ததெல்லாம் ஓரிடத்தில் வந்து சேர்கிறது. 1978இல் பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப்பில் ஒரு பரிசோதனையை உருவாக்கினார்கள். மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவில் பரவும் காம்பியன்சே வகைக் கிருமியிடம் நூற்றுக்கணக்கான சட்டைகள் இருந்தாலும், பெரும்பாலான நோயாளிகளின் உடலில் தொடக்கத்திலேயே ஒரு குறிப்பிட்ட சட்டை வெளிவந்துவிடுகிறது. அதன் பெயர் லைடாட் 1.3. அந்தச் சட்டை அணிந்த கிருமிகளை வளர்த்து, கொன்று, நீலச் சாயமேற்றி, உலர்த்திக் குப்பியில் வைத்துக்கொண்டார்கள்.

காங்கோவின் ஒரு கிராமத்து மரநிழலில் மேசை போட்டு நடமாடும் குழு உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஊர் முழுவதும் வரிசையில் நிற்கிறது. விரல் நுனியில் குத்தி எடுத்த ஒரு சொட்டு இரத்தத்தை வெள்ளை அட்டையில் விட்டு, நீலக் கிருமிக் கரைசலில் ஒரு சொட்டைச் சேர்த்துக் கலக்கி, ஐந்து நிமிடம் அட்டையைச் சுழற்றுகிறார்கள். பெரும்பாலானவர்களின் வட்டத்தில் நீலம் சீராகப் பரவியிருக்கும். ஒருவரின் வட்டத்தில் மட்டும் நீலம் திரிதிரியாகத் திரண்டு நிற்கும். அவருடைய உடல் அந்தச் சட்டையை எப்போதோ பார்த்திருக்கிறது. கிருமி அதைக் கழற்றி எறிந்துவிட்டு இன்று வேறொன்றில் உலவினாலும், உடல் மறக்கவில்லை. தன்னைக் காப்பாற்ற உதவாத அந்த நினைவு, சாட்சி சொல்ல உதவுகிறது. சாட்சி கிடைத்ததும் அவரைத் தனியே அழைத்து, கழுத்துக் கட்டியிலும் இரத்தத்திலும் தேடி, கிருமியைக் கண்ணால் கண்டு மருந்து தொடங்குகிறார்கள். உலகின் மிகத் திறமையான வேடதாரியை, அவன் கழற்றிப் போட்ட சட்டையைக் கொண்டே பிடித்துவிட்டார்கள்.

மாணவச் செல்வங்களே, இனி உங்களில் பலர் ஊர்களுக்குப் போவீர்கள். இளைத்த மாட்டோடு யாராவது வந்து நிற்பார்கள். ஒரு சொட்டு இரத்தத்தில் எதுவும் தெரியாமல் போகலாம். "இன்று தெரியவில்லை, காய்ச்சல் ஏறும் நாளில் மறுபடி கொண்டு வாருங்கள்" என்று சொல்லுங்கள். முடிந்தால் நீங்களே போய்ப் பாருங்கள். சைக்கிள் கூடையில் நுண்ணோக்கியை வைத்துக்கொண்டு அந்தப் பெரியவர் அலைந்தது அதற்காகத்தான் என்று நான் நம்புகிறேன்.

"காய்ச்சல் வந்து வந்து போகுது தம்பி" என்று அந்த அம்மா சொன்னார். ராஸ் வரைந்த கோடும், விக்கர்மேன் கண்ட சட்டையும், அட்டையில் திரண்ட நீலமும் அந்த ஒரு வாக்கியத்துக்குள் இருந்தன. அன்று என் காதில் அது விழுந்தது, நான் கேட்கவில்லை. உங்களிடம் வருகிறவர்கள் சொல்வதை நீங்கள் கேளுங்கள்.